விருந்தாளிப் பட்டியல்

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்று திரை சொல்லிவிட்டது. அவள் மடிக்கணினியை மூடப் போனாள். அத்தை விடவில்லை.

"ஒருத்தரை எடுத்துட்டு என்னைப் போடேன்மா. என் பையன் வர முடியாம அங்க ஃபோனைக் கையிலயே வச்சிட்டு உக்காந்திருக்கான். நாலு மணிக்கு வண்டி வந்துடும். அதுக்குள்ள மாமா முகத்தை ஒரு தடவை பாத்துக்கட்டும்."

முன்னறையில் அப்பா படுத்திருந்தார். சுற்றிலும் வாடகை நாற்காலிகள், நாற்காலிகளில் உறவினர்கள், உறவினர்கள் கையில் ஃபோன்கள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு வைஃபை பாஸ்வேர்டைத்தான் கேட்டார்கள். அவள் கணவர் அதை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவரவர் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே.

அவள் தன் வேலை அறையில் பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள். எட்டுப் பெயர்கள். முதல் பெயர், 'அப்பா டேப்', அவருடைய டேப்லெட்.

அந்தப் பட்டியலை உண்டாக்கியவளே அவள்தான். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நோயாளிகளின் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. சேர்ந்தபோது நிறுவனம் பன்னிரண்டு பக்கத்துக்கு நிபந்தனை அனுப்பியது. எதையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. தன் கணினிக்கும் பிரிண்டருக்கும் சுவரோரமாக வயர் இழுத்தாள். வீட்டு ஆட்களின் ஃபோன்களுக்கு 'வீடு' என்றொரு வைஃபை. வந்து போகிறவர்களுக்கு 'விருந்தாளி' என்று இன்னொன்று, அதில் எட்டுப் பேருக்குத்தான் இடம். விருந்தாளி இணையம் பார்க்கலாம். வீட்டுக்குள் இருக்கும் எதையும் தொட முடியாது.

அப்பாவின் டேப் முதலில் 'வீடு' வைஃபையில்தான் இருந்தது. ஒரு நாள் கார் பரிசு விழுந்திருக்கிறது என்று எவனோ அனுப்பிய லிங்கை ஆசையாக அமுக்கிவிட்டார். அவளுடைய கணினியை நிறுவனம் இரண்டு நாள் முடக்கிப் போட்டது. அன்று சாயங்காலமே அவள் பாஸ்வேர்டை மாற்றினாள். அப்பாவின் டேப்பை விருந்தாளிக்குத் தள்ளினாள்.

அவர் அதைக் கேலியாக்கிக்கொண்டார். மதியம் சாப்பிட உட்காரும்போது, "விருந்தாளி வந்தாச்சு, நல்லா கவனிங்க" என்பார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். ஒரே ஒரு நாள் சிரிக்காமல் கேட்டார்.

"ஏம்மா, என்னை எப்ப வீட்டுல சேத்துப்ப?"

பார்க்கலாம் என்று சொல்லி வைத்தாள்.

அப்புறம் பிரிண்ட் என்று ஆரம்பித்தார். ஒரே ஒரு பக்கம்தான் என்றார். மெயிலில் அனுப்புங்கள், எடுத்துத் தருகிறேன் என்றாள். அது அவருக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். கையால் எழுதிக்கொள்ளக் கூடாதா என்றும் எரிந்து விழுந்தாள். பேருந்துப் பணிமனையில் அறிவிப்பு ஒட்டியே ஓய்வு பெற்றவர் அவர். கையால் எழுதியதை எவன் மதிப்பான் என்றார். கை நடுங்குகிறது என்று மட்டும் சொல்லவில்லை. டேப்பை வைத்துக்கொண்டு எதையோ அமுக்கிக்கொண்டே இருப்பார். என்ன பக்கம் என்று அவள் கேட்கவே இல்லை.

போன மாதம் முக்கியமான மீட்டிங் நடுவில் வாசல் மணி மூன்று முறை அடித்தது. மானம் போகிறது, ஒரு மணியைக்கூடவா உங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று கத்தினாள். மறுநாளிலிருந்து வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பார்சல்காரர்கள் மணியில் கை வைக்கும் முன்பே கம்பிக் கதவு வழியாகக் கையை ஆட்டித் தடுத்துவிடுவார்.

அந்த நாற்காலியில்தான் நேற்று அவர் போனார். பன்னிரண்டு மணிக்கு அவள் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாள். "உக்காந்துக்கிட்டே தூங்காதீங்கப்பா, கழுத்து வலிக்கும்" என்று போகிற போக்கில் அதட்டிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குத் திரும்பினாள். பதினோரு மணிக்கே முடிந்திருக்கும் என்றார் டாக்டர். பன்னிரண்டு மணிக்குத் தான் வெளியே வந்ததை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

'அப்பா டேப்' மேல் அம்புக்குறி நின்றது. 'நீக்கவா?' என்றது திரை.

"அவருக்கு இனிமே எதுக்கும்மா" என்றாள் அத்தை.

அவள் எழுந்து போனாள். அப்பாவின் கட்டிலில் தலையணைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். 'வீடு' என்பதைத் தொட்டு, பதினாறு எழுத்துப் பாஸ்வேர்டை ஒவ்வொன்றாக அடித்தாள். இரண்டு முறை தப்பு விழுந்தது. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. பட்டியலில் ஏழு பேர் மிஞ்சினார்கள். அத்தைக்கு இடம் கிடைத்தது. சற்று நேரத்தில் முன்னறையிலிருந்து, "இதோ, மாமாடா, பாத்துக்கோ" என்று அத்தையின் குரல் கேட்டது.

அப்போது பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டது. அவள் எதையும் அனுப்பியிருக்கவில்லை. தாள் ஒன்று மெல்ல வெளியே வந்தது.

*அறிவிப்பு*

*மணி அடிக்க வேண்டாம்.*
*என் மகள் மீட்டிங்கில் இருக்கிறாள்.*
*மெதுவாகக் கூப்பிடவும். நான் இங்கேதான் இருக்கிறேன்.*

அடுத்த தாளும் அதேதான். மூன்றாவதில் எழுத்து இன்னும் பெரிதாக இருந்தது. நான்காவதில் 'என் மகள்' என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தார். அவர் பிரிண்ட் என்று அமுக்கிய ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் போக வழியில்லாமல் டேப்புக்குள்ளேயே காத்துக் கிடந்திருக்கிறது.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன ஓடுது? நிறுத்தவா?"

"வேணாம். அப்பா குடுத்தது."

அவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். எடுத்த இடத்திலேயே வைத்தார்.

வாசலில் யாரோ மணி அடித்தார்கள். அவர் திறக்கப் போனார்.

ஆறாவது தாளோடு பிரிண்டர் நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. தாள் தீர்ந்துவிட்டது. இன்னும் ஐந்து பாக்கி என்றது டேப். அவள் அலமாரியிலிருந்து புதுத் தாள்கட்டு ஒன்றை எடுத்து, உறையைக் கிழித்து, ஓரங்களைத் தட்டிச் சீராக்கித் தட்டில் வைத்துத் தள்ளினாள்.