பத்து விரல், நாற்பத்தொரு பெற்றோர்

இடது கட்டைவிரலை ஊதா மையில் ஒற்றி எடுத்து, பதினோராவது பெற்றோர் ஆனேன். முதல் பத்துப் பேருக்குப் பேனாவை மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். நீலம், கறுப்பு, ஜெல் பேனா, இடது கையால் ஒரு கோணல். அப்புறம் கற்பனை வற்றிவிட்டது. கைநாட்டு சுலபம். பத்து விரலுக்குப் பத்து அப்பா அம்மா, விரலைத் திருப்பி வைத்தால் இன்னும் பத்து. எங்கள் பள்ளியில் பிள்ளைகளே மொத்தம் நாற்பத்தொன்றுதான்.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் இந்த அரசுப் பள்ளியில் இருபத்தைந்து வருடமாக நான் தமிழ் ஆசிரியை. எத்தனையோ வாரங்களைக் கொண்டாடித் தீர்த்தாயிற்று. சுத்த வாரம், வாசிப்பு வாரம், புன்னகை வாரம் கூட ஒன்று வந்தது. இது பெற்றோர் நம்பிக்கை வாரம். திங்களன்று தொடங்கிய வாரத்துக்கான சுற்றறிக்கை சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தது. படிவத்தில் ஒரே கேள்வி, கன்னடத்தில். அரசின் கல்விக் கொள்கை மீது உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா? கட்டங்கள் இரண்டு: ‘இருக்கிறது’, ‘மிகவும் இருக்கிறது’. இல்லாதவர்களுக்குக் கட்டம் போட மறந்துவிட்டார்களாம். மறதியாவது மண்ணாவது.

ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு உண்டு என்றார்கள், இல்லை என்றார்கள், மறுபடி உண்டு என்றார்கள். புத்தகத்தை மாற்றினார்கள், பிறகு மாற்றியதை மாற்றினார்கள். இத்தனைக்கும் பிறகு எந்த மடையனுக்கு நம்பிக்கை வரும்? அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வாரம், ஒரு படிவம், என் பத்து விரல்.

“பேகா மேடம், பேகா. சீக்கிரம் முடிங்க, ஒரு மணிக்கு ஆபீஸ்ல குடுக்கணும்” என்றார் தலைமையாசிரியர் கோவிந்தப்பா. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் மேசைக்கு எதிரே சரளா நின்றுகொண்டிருந்தாள். காக்ஸ் டவுனில் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை. நான்காம் வகுப்பு முடித்த மகள் ரக்ஷிதாவுக்கு ஒரு தனியார் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. இன்று ஒரு மணிக்குள் டி.சி.யைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். மூன்று நாளாக வந்து கெஞ்சுகிறாள்.

“திங்கக்கெழம வாம்மா. நம்பிக்கை வாரத்துல டி.சி. குடுத்தா மேல என்னைத்தானே கேப்பாங்க?”

“திங்கக்கெழம சீட் இருக்காது சார்.”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப என்ன இருக்கிறது? இரண்டு வருடம் முன்பு துண்டுப் பிரசுரத்தோடு அவள் வீட்டு வாசலில் நின்றவள் நான்தான். இங்கிலீஷ் மீடியம் வருகிறது, புது டீச்சர் வருகிறார் என்று இலாகா சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். “நீங்க சொன்னா சரி மிஸ்” என்று மகளைப் படித்துக்கொண்டிருந்த பள்ளியிலிருந்து எடுத்து இங்கே சேர்த்தாள். டீச்சர் வரவில்லை. அடுத்த வருடம் அந்தப் பிரிவையே மூடினார்கள். அதன் திறப்பு விழா பேனர் மட்டும் சத்துணவு அடுப்படியின் ஓட்டைக் கூரையை மூடிக்கொண்டு இன்னும் உழைக்கிறது.

மை காய்வதற்காகப் படிவங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். மின்விசிறிக் காற்றில் ஒன்று பறந்து சரளாவின் காலடியில் விழுந்தது. எடுத்தவள், கன்னடத்தை எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

“ரக்ஷிதா அம்மா சரளா, நம்பிக்கை மிகவும் இருக்கிறது. சரி. இந்தக் கைநாட்டு யாரோடது மிஸ்?”

ஊதாக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். இலாகாவை மட்டமாக நினைப்பதில் இத்தனை வருடம் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்த நிமிடம் அதே மட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

கோவிந்தப்பா சட்டென்று டி.சி. புத்தகத்தைத் திறந்தார். மூன்று நாள் கெஞ்சலுக்கு அசையாத பேனா இரண்டு நிமிடத்தில் எழுதி முடித்தது. முத்திரையும் விழுந்தது. வாங்கிக்கொண்டதற்கு ரிஜிஸ்டரில் சரளா கையெழுத்துப் போட்டாள். தமிழில், குண்டு குண்டாக. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து நான் போட வைத்த கோடும் புள்ளியும்.

“நீ இங்கயா படிச்ச?”

“மூணாங்கிளாஸ் மிஸ். நீங்க அப்பதான் புதுசா வந்தீங்க.” டி.சி.யை மடித்துப் பைக்குள் வைத்தாள். “காலி ஃபாரம் ஒண்ணு குடுங்க. என்னோடத நானே எழுதறேன்.”

பெயரை எழுதினாள், மகள் பெயரை எழுதினாள். இரண்டு கட்டத்தையும் தொடவில்லை. கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது. வாசலைத் தாண்டி ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டபடி ஓடினாள்.

“அதைக் கிழிச்சிடுங்க மேடம். நீங்க போட்டதே இருக்கட்டும்” என்றார் கோவிந்தப்பா.

சரளா பெயரில் நான் கைநாட்டு வைத்ததைக் கிழித்துப் போட்டேன். மீதி நாற்பது படிவங்களை அடுக்கி, அவளுடையதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் குறுக்கே நூலைச் சுற்றினேன். கட்டங்கள் காலியாக இருந்தன. அந்த இரண்டு புள்ளியை மறைக்காமல் நூலை நகர்த்தி, ஊதா விரலால் முடிச்சை இறுக்கினேன்.