வீட்டுப் பக்கம் வாட்டம்

மாடிப் படுக்கையறைக்கு வெளியே, தூண்கள்மேல் ஒரு மரத்தளம். அதற்கு அடியில் சுவர் எழுப்பி ஓர் அறை. மழை பெய்தால் பலகை இடுக்கு வழியாக அறை முழுக்கத் தண்ணீர். அது மட்டும் காய்ந்து கிடந்தால் தையல் மெஷினை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று அவள் எத்தனையோ மழைக்காலமாகக் காத்திருந்தாள். இப்போது மெஷின் சாப்பாட்டு மேசையோரம். யாராவது சாப்பிட உட்கார்ந்தால் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். அவர்கள் கை கழுவும்வரை வேலை அம்போ.

"ஆள் கூப்பிடலாம்ங்க" என்றாள் கணவனிடம்.

"ஆள் எதுக்கு? நாலு வீடியோ பாத்தா முடிஞ்சுது."

பார்த்தான், பார்த்தான், மழை நெருங்கும்வரை பார்த்தான். சுத்தியலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத ஆசாமிக்கு வாய் மட்டும் இன்ஜினியர் ஆகிவிட்டது. கூடவே அவன் தம்பி. நல்ல வேலையில் இருக்கிற, தலை நரைத்த ஆள்தான். ஆனால் அண்ணன் எதிரில் வெறும் ஆமாஞ்சாமி.

இருவருமாகப் பழைய பலகைகளைக் கழற்றி, பிளைவுட் அடித்து, அதன்மேல் ரப்பர் போல இறுகும் பூச்சைப் பூசினார்கள். வெளி ஓரத்தைத் தூக்கி அடிப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"வாட்டம் வெளிப்பக்கம்தானே இருக்கணும்? தண்ணி வீட்டுக்குள்ள வராதா?"

"வெளிய விட்டா கீழ நிக்கற கார் மேல கொட்டும். கறை படிஞ்சா உங்கப்பாவா வந்து தேய்ப்பாரு? சுவரோரமா குழாய் வெச்சிருக்கேன், எல்லாம் அதுல போயிடும். நீ போய் பட்டன் தை."

"ஆமாண்ணே" என்றான் தம்பி.

கார் நிற்பதோ வெட்டவெளியில். வானத்துத் தண்ணீர் விழலாமாம், தளத்துத் தண்ணீர் விழக்கூடாதாம். என்ன மூளையோ!

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அவள் கீழறைக்கு ஓடினாள். ஸ்டூல்மேல் ஏறிக் கூரையைத் தடவிப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கொழுந்தனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, அந்த நிமிஷமே மெஷினைத் தூக்கி வந்து போட்டாள். புருஷனைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாகக்கூட நினைத்துத் தொலைத்தாள்.

அதற்குள் மாடியில் ஒரே அலறல். அந்தச் சுண்டுவிரல் குழாய் எவ்வளவு தண்ணீரைத்தான் குடிக்கும்? குடித்தது போக மிச்சமெல்லாம் கதவிடுக்கு வழியாக நேரே படுக்கையறைக்குள். முதுகுக்கு நல்லது என்று தரையில் மெத்தை போட்டுக் குறட்டை விட்ட மேதாவி, தலையோடு கால் நனைந்துதான் கண் விழித்தான்.

தலையணையும் கையுமாகக் கீழே வந்தவன் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"பாத்தியா, சொன்ன மாதிரியே ஒழுகல. மேல காயற வரைக்கும் இங்க படுத்துக்கறேன். மெஷின பழையபடி மேசைகிட்டயே போட்டுக்க. கொஞ்ச நாளைக்குத்தான்."

தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அப்போதும் பேச்சைப் பார். அவன் சொல்லும் கொஞ்ச நாள் எத்தனை வருஷம் நீளும் என்பது அவளுக்குத் தெரியாதா? அவள் ஊசியில் நூல் கோத்து முடித்தபிறகுதான் நிமிர்ந்தாள்.

"கார் உள்ள நல்லா காஞ்சிருக்கும். அங்க போய்ப் படுங்க."

அவன் தம்பியின் முகத்தைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான். அவள் எழுந்துவந்து, இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.