காதுக்குள்ளே ஒரு கண்டக்டர்

கடலூர்–சிதம்பரம் தடத்தில் பத்தொன்பது வருடமாகத் தனியார் பஸ் ஓட்டிய மணவாளன், 2007-ல் ஒரு நாள் காலை, காரைக்காடு தாண்டி ஆள் அரவமே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினார். ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு என்றால் கிளப்ப வேண்டும். ஒரு விசில் கேட்டது, நிறுத்தினார். அவ்வளவுதான்.

"இங்க யாரு மாமா எறங்குறா?" என்று பின்படியிலிருந்து கேட்டான் கண்டக்டர் ஆரோக்கியராஜ். இருவருக்கும் உறவில்லை, ஆனால் மாமன் மச்சான் பேச்சுதான்.

"நீதான மச்சான் ஊதுன?"

"நான் எங்க ஊதுனேன்? விசிலு பாக்கெட்ல கெடக்குது!"

பஸ்ஸே சிரித்தது. மணவாளனும் சேர்ந்து சிரித்துவைத்தார். மூன்றாவது முறை அப்படி நிறுத்தியபோது யாரும் சிரிக்கவில்லை. பின்னால் வந்த பஸ் முந்திப்போய், ஆலப்பாக்கத்தில் நின்ற கூட்டத்தை வழித்து ஏற்றிக்கொண்டது. விஷயம் முதலாளியம்மா லோகநாயகிக்குப் போனது.

"டாக்டரப் பாத்து லெட்டர் வாங்கியா. இல்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போ," என்றார் அவர். அந்த அம்மாள் எப்போதும் கறார்தான். ஸ்டியரிங்கை விட்டால் மணவாளனுக்கு வேறு தொழில் தெரியாது.

ஊர் சும்மா இருக்குமா? காதில் இரைந்தால் யாரோ உன்னை நினைக்கிறார்கள் என்று அர்த்தம் என்றது ஒரு வாய். பூண்டு எண்ணெய் விடு என்றது இன்னொரு வாய். மனைவி செல்லாயி காய்ச்சியே விட்டுவிட்டாள். சட்டைக் காலர் நனைந்தது, விசில் நிற்கவில்லை.

சிதம்பரத்தில் காது டாக்டர் இளவரசி முதலில் அந்த எண்ணெய்க்குத் திட்டினார். பிறகு சத்தம் புகாத ஓர் அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டிய கருவியில் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். மணவாளன் விடாமல் அமுக்கினார்.

"சார், நான் இன்னும் மிஷினையே போடல," என்றார் டாக்டர்.

சோதனை முடிந்ததும் விவரம் சொன்னார். "இஞ்சின் சத்தம், ஏர்ஹாரன்னு இத்தன வருஷம் கேட்டு உள்காது கொஞ்சம் தேஞ்சிருக்கு. அந்தக் கொறைய மூளையே ஒரு சத்தம் போட்டு ரொப்பிக்குது. பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா மொத்தமா நிறுத்த மருந்தும் கெடையாது."

"அப்ப என்னதாம்மா பண்றது?"

"அதையே காவல் காக்காதீங்க. காத்தா ஜாஸ்தியாத்தான் கேக்கும். ஹாரனக் கொறைங்க. படுக்கும்போது ஃபேனோ ரேடியோவோ சன்னமா ஓடட்டும்."

வண்டி ஓட்டக் காது போதும் என்று லெட்டரும் தந்தார். மணவாளன் அதை லோகநாயகியிடம் நீட்டும்போது, "சுத்தமா சரியாப் போச்சும்மா," என்று ஒரு புளுகையும் சேர்த்து நீட்டினார். ஆரோக்கியராஜோடு தனியாக ஓர் ஏற்பாடு. இனி விசில் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் பஸ் தகரத்தில் ஒரு தட்டு, போக வேண்டுமானால் இரண்டு.

ஒரு மாதம் ஜோராக ஓடியது. ரேடியோ முணுமுணுக்க மணவாளன் நன்றாகத் தூங்கினார். ஓட்டும்போது காதில் விசில் கிளம்பினால், 'ஊதிக்கடா' என்று சொல்லிக்கொண்டு கியரை மாற்றினார்.

அப்புறம் வந்தது ஒரு முகூர்த்த நாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. புதுச்சத்திரத்தில் கல்யாணத்துக்குப் போக முன்சீட்டில் லோகநாயகியே பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தார். புதுச்சத்திரம் நெருங்கியபோது கூட்டத்தில் நசுங்கிய ஆரோக்கியராஜுக்குத் தகரம் எட்டவில்லை. பழக்கதோஷம், விசிலை எடுத்து ஊதிவிட்டான்.

மணவாளனுக்கு நன்றாகவே கேட்டது. ஊதிக்கடா என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மறுபடியும் விசில். டாக்டர் பார்த்தால் மெச்சுவார் என்று பெருமையாகக்கூட இருந்தது. கல்யாண மண்டபம், வாழைமரம், மேளம் எல்லாம் ஜன்னலில் வந்து போயின.

"யோவ், நிறுத்துய்யா!" என்று லோகநாயகி கத்தினார்.

நிறுத்தினார். "எம்மேலதாம்மா தப்பு," என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான் ஆரோக்கியராஜ். பேசாமல் இருந்தால் தப்பித்திருக்கலாம். மணவாளனுக்கு மனசு ஒப்பவில்லை.

"அவன் ஊதுனது கேட்டுச்சும்மா. எங்காதுன்னு நெனச்சுட்டேன். சரியாப் போச்சுன்னு சொன்னது பொய்." சாவியைப் பிடுங்கி நீட்டினார்.

லோகநாயகி சாவியை வாங்கவில்லை. குனிந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல், "எந்தக் காது?" என்றார்.

"எடது."

"எனக்கு ரெண்டும். எங்க அரிசி மில்ல மூடி எட்டு வருஷமாவுது. எனக்கு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல."

மணவாளன் திரும்பிப் பார்த்தார். அந்தக் கறார் முகத்தில் கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு ஒன் எதுர ஒரு செவப்பு பல்பு, படிக்கிட்ட சுவிச்சு போடச் சொல்றேன். பல்பப் பாத்து நிறுத்து," என்றார் லோகநாயகி. பிறகு மண்டபத்துப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "வண்டிய எடு. நான் சிதம்பரத்துலயே எறங்கிக்கிறேன். அந்த டாக்டரம்மா எத்தன மணி வரைக்கும் இருப்பாங்க?"