கள்ளக்கடல் வந்த சனிக்கிழமை

கடல் வானிலை சொல்லுகிறவளுக்கு எங்கள் ஊரில் நல்ல பேர் கிடைக்காது. புயல் வந்தால் என் கரிநாக்கு. வராமல் போனால் நான் புளுகி. போன நவம்பரில் நான் ஒலிபெருக்கியில் கத்திக் கத்திச் சொன்ன புயல், கடைசி நேரத்தில் நாகப்பட்டினம் பக்கம் திரும்பிவிட்டது. அதிலிருந்து ஏலக்கூடத்துப் பக்கம் தலையைக் காட்டினால் போதும், "புயல் ரீனா வாரா, குடைய எடுங்கடி" என்று ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். புயலை நானா பெற்றுப் போட்டேன்? ஹைதராபாத்தில் அரசாங்கக் கடல் தகவல் மையத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறவர்கள் என் போனுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். அதை ஊர்க்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்வது என் வேலை. காற்று இத்தனை நாட் வேகம், அலை இத்தனை மீட்டர் உயரம் என்று வாசித்தால் ஒருத்தனும் காது கொடுக்க மாட்டான். "வாடை முறுக்குது, வள்ளத்தை மேல ஏத்து" என்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவான். இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்ய இந்தக் கரையில் ஆள் கிடையாது. தற்பெருமை என்றால் தற்பெருமைதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, காயல்பட்டினம் போகிற வழியில் எங்கள் ஊர். மாதா கோயிலும் மீனவர் சங்கமும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். சங்கத்தின் முன்னறையில் வயர்லெஸ் பெட்டி, ஒரு மைக், ஒரு மின்விசிறி, நான். என் வீட்டுக்காரர் டெரன்ஸ் சங்கு குளிக்கிறவர்.

அந்தச் சனிக்கிழமை மே மாதத்து வெயில் மண்டையைப் பிளந்தது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் எங்கள் ஊர் ஃபைபர் வள்ளங்களுக்குக் கடல் முழுக்கத் தாராளம். விடியலிலேயே முக்கால்வாசி போய்விட்டன. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காற்றும் இல்லை. கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அப்போதுதான் போனில் செய்தி வந்தது: கள்ளக்கடல்.

பேரைப் போலவேதான் அது. இந்துமாக் கடலின் தென்கோடியில், நமக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒரு பெரும் புயல் அடித்து ஓய்ந்திருக்கும். அது கிளப்பிவிட்ட அலை மட்டும் நாள் கணக்காக நடந்து நம் கரைக்கு வந்து சேரும். காற்று இல்லை, மழை இல்லை, முன்னறிவிப்பாக ஒரு இடி கூட இல்லை. ஆழத்தில் நிற்கிற வள்ளத்துக்கு அது வருவதே தெரியாது. தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி மெல்லத் தூக்கி மெல்ல இறக்கும். அதே அலை கரையோரம் தரை தட்டியதும் எழுந்து நின்று மடங்கி அடிக்கும். அந்த மடக்கில் மாட்டினால் வள்ளமும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது.

நான் மைக்கைப் பிடித்தேன். "கடல்ல நிக்கிற எல்லா வள்ளத்துக்கும் சொல்லுதேன். கள்ளக்கடல் வருது. யாரும் கரைக்கு வராதீங்க. ஆழத்துலயே நின்னு அப்படியே வடக்க போயி, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குள்ள ஏறிருங்க. அங்கன கல்லுச் சுவர் இருக்கு, அலை உள்ள வராது. நம்ம கரைக்கு மட்டும் வந்துராதீங்க."

எங்கள் வள்ளத்தை ஓட்டுகிற இனிகோதான் முதலில் பதில் சொன்னான். "சரிக்கா. அண்ணன் தண்ணிக்குள்ள இருக்காவ. மேல வந்ததும் கிளம்பிருதோம்." மனசு கொஞ்சம் ஆறியது. அடுத்து ஊருக்காக ஒலிபெருக்கியைப் போட்டேன். கரையில் கிடக்கிற வள்ளங்களை மேலே இழுங்கள், பிள்ளைகளைக் கடற்கரைக்கு விடாதீர்கள் என்று சொல்லி முடித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பேன்.

கோயில் மணி அடித்தது.

எங்கள் ஊரில் பூசைக்கு அடிப்பது ஒரு மாதிரி, சாவுக்கு அடிப்பது ஒரு மாதிரி. விடாமல் படபடவென்று அடித்தால் கடல் சரியில்லை, எல்லாரும் கரைக்கு வாருங்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால் வலையை வெட்டிவிட்டுக்கூட வந்துவிடுவார்கள். என் மாமியார் அமலோற்பவத்தின் மூத்த மகன் மரியான் ஒக்கிப் புயலில் போனவர். அந்தப் புயலன்றைக்கு, மணி அடிக்கிற கோயில்பிள்ளை மனுவேல் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மணி அடிக்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு ஊர் கூடி முடிவு செய்தது: கடலைப் பற்றிக் கெட்ட செய்தி எது வந்தாலும், முதலில் மணி, அப்புறம்தான் மற்றப் பேச்சு. அப்பேர்ப்பட்ட ஊருக்கு ஒலிபெருக்கியில் கெட்ட செய்தி சொன்னால் என்ன செய்வார்கள்? செய்ய வேண்டியதைச் செய்தார்கள். காற்றே இல்லாத நாளில் அந்த மணிச்சத்தம், டெரன்ஸ் முங்கிச் சங்கு எடுக்கிற சங்குப்பாரு வரைக்கும் தெளிவாகக் கேட்கும்.

"அக்கா, மணி கேக்குது" என்றான் இனிகோ பெட்டிக்குள்ளிருந்து. பின்னாலேயே டெரன்ஸின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "ரீனா, கரைக்கு வாரோம்."

"வராதீங்கன்னு சொல்லுதேன்லா! மணி தப்பா அடிக்காவ!"

"நீ சும்மா இரு. மணி அடிச்சா வந்துருவேன்னு அம்மாட்ட மாதா முன்னால சத்தியம் பண்ணிருக்கேன். எனக்கு அம்மா சொல்லணும்."

இப்படி ஒரு மனிதனைக் கட்டிக்கொண்டு நான் ஊருக்கெல்லாம் வானிலை சொல்லுகிறேன். மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மணிக்கயிற்றைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தது மனுவேல் அண்ணாச்சி இல்லை. என் மாமியார். அண்ணாச்சி பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாமி கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு முழுவதும் கயிற்றில் தொங்க அடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"விடுளா!"

"மாமி, இது அந்தப் புயல் மாதிரி இல்ல. கடலுக்குள்ள அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. கரையிலதான் சாவு. நீங்க அவரக் கூப்பிட்டு அதுக்குள்ள விடுதீங்க!"

"கடலுக்குள்ள நின்னா ஒண்ணும் ஆகாதா? யாருட்ட சொல்லுத? கடலுக்குள்ள நின்னவன்தான்ளா என் மூத்தவன்! எம்பிள்ளைய அங்கன நிப்பாட்டிட்டு நீ இங்கன மைக்குல பேசிட்டு இருப்பியா?"

"உங்க பிள்ளை எனக்குப் புருஷன், மாமி!"

நான் கத்திய கத்தில் புறாக்கள் பறந்தன. கயிறு இரண்டு பேர் கையிலும் இருந்தது. வயசு எழுபதை நெருங்குகிறது, ஆனால் பிடி இரும்புப் பிடி. இழுத்துப் பறித்தால் விழுந்துவிடுவாள். விட்டால் மறுபடியும் அடிப்பாள். எனக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அந்த நேரத்தில் அவளை நான் வெறுத்தேன் என்றே சொல்லுவேன். அதே நேரத்தில், அவள் இடத்தில் நான் இருந்தாலும் அந்தக் கயிற்றை விட்டிருக்க மாட்டேன் என்றும் தெரிந்தது.

கடற்கரையில் கூச்சல் கேட்டது. மணிக்கயிறு தொங்குகிற கோயில் வாசலிலிருந்து பார்த்தால் கடல் முழுக்கத் தெரியும். கரைக்குக் கிட்டத்திலேயே மீன் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் ஷாமின் வள்ளம், மணிச்சத்தம் கேட்டு முதல் ஆளாக வந்துகொண்டிருந்தது. கடல் அப்போதும் குளம் மாதிரிதான் இருந்தது. திடீரென்று தண்ணீர் பின்வாங்கி, வெயிலையே பார்க்காத தரை தெரிந்தது. அதற்குப் பின்னால் அலை எழுந்தது. சத்தமே இல்லாமல் எழுந்தது. ஷாமின் வள்ளத்தை அது சுளகில் அரிசியைப் புடைக்கிற மாதிரித் தூக்கிக் கவிழ்த்துப் போட்டது. ஏலக்கூடத்துப் படி வரைக்கும் தண்ணீர் ஏறி வந்தது. மீன் கூடைகள் மிதந்தன.

ஆண்கள் பாய்ந்து போய் ஷாமையும் அவன் மச்சானையும் இழுத்து வந்தார்கள். மச்சானுக்கு நெற்றியில் வெட்டு. ஷாமின் தோள் இறங்கிக் கை வேறு திசையில் தொங்கியது. உயிர் இருந்தது. வள்ளம் இரண்டு துண்டாகிக் கிடந்தது.

மாமி பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கையிலிருந்து கயிறு நழுவியதை நான்தான் கவனித்தேன். விறுவிறுவென்று நடந்து சங்கத்து அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பெட்டியில் இனிகோ பேசிக்கொண்டிருந்தான். "அக்கா, கோயில் சிலுவை தெரியுது. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவோம்."

மாமிக்கு மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. அவள் வாய்க்கு நேராகப் பிடித்து, பொத்தானை நான் அழுத்தினேன்.

"சொல்லுங்க மாமி."

"டெரன்ஸ்" என்றாள். "அம்மா பேசுதேன்."

"சொல்லும்மா. வந்துட்டேம்மா."

மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வராதய்யா" என்றாள். "அம்மா சொல்லுதேன். கரைக்கு வராத. ரீனா சொல்லுற இடத்துக்குப் போ. சத்தியத்தை மாதாட்ட நான் பேசிக்கிடுதேன். நீ கடல்லயே நில்லு ராசா."

"சரிம்மா" என்றார் டெரன்ஸ்.

வாசலுக்கு வந்து பார்த்தோம். தூரத்தில் எங்கள் நீல வள்ளம் மூக்கைத் திருப்பியது. அதைப் பார்த்து மற்றதெல்லாம் திரும்பின. நான் மறுபடியும் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு வள்ளத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கரையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாரும் "சரிக்கா, சரிக்கா" என்றார்கள். புயல் ரீனா என்று ஒருத்தனும் சொல்லவில்லை. கரையில் அன்று மாலை வரை கடல் ஏறி ஏறி அடித்தது. மேலே இழுக்காமல் விட்ட வள்ளங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது.

பொழுது சாய்வதற்குள் நானும் மாமியும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். எங்கள் ஊர் வள்ளங்கள் எல்லாம் சுவருக்குள்ளே ஒன்றோடொன்று கட்டிக் கிடந்தன. டெரன்ஸ் தோளில் சங்கு மூட்டையோடு ஏறி வந்து, என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "உம்ம சத்தியத்துல மண்ணு விழ" என்று திட்டித் தீர்த்தேன். பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் குறைந்தா போய்விடுவீர் என்றேன். ஐஸ் கட்டி உடைக்கிறவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

மாமி மட்டும் கிட்டே வரவில்லை. ஆட்டோவை விட்டு இறங்காமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூத்தவன வா வான்னு அன்னைக்கு எத்தனை தடவை கூப்பிட்டேன், ரீனா" என்றாள். "வரல. இவனப் பாத்து வராதன்னு சொல்லிட்டேன். வந்துட்டான்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.