கால் எடுத்தால் நிற்கும் மெஷின்

ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்? நாற்பத்தைந்தைத் தாண்டிய விக்னேஸ்வரன், கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போதுகூடக் கைப்பேசியில் இரும்பு ராவும் பெல்ட் கிரைண்டர் மெஷின் வீடியோதான் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற கிழவர் தட்டால் முதுகில் இடித்த பிறகுதான் வரிசை நகர்ந்ததே அவனுக்குத் தெரிந்தது.

வாரம் முழுக்க ஈப்போ நகரத்தில் ஏசி மாட்டும் ஏர்கான் கம்பெனி வேலை. ஞாயிறு வந்துவிட்டால் பத்து காஜா ஊரில் தன் வீட்டின் முன்னால், கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து கத்தி செய்வான். செய்வான் என்பதைவிட ராவுவான் என்பதுதான் சரி. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அரத்தால் ராவி ராவி ஒரு கத்திக்குக் கூர் வருவதற்குள் தீபாவளி வந்து போய்விடும். அப்படி வந்த முதல் கத்தியை அவன் மனைவி தினேஸ்வரி தக்காளி மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். தக்காளி நசுங்கியது.

"இதால ஆளக் குத்துனா அவனுக்குக் கூச்சமாதான் இருக்கும்லா" என்று சொல்லிவிட்டுக் கடையில் வாங்கிய கத்தியை எடுத்துக்கொண்டாள்.

அந்த வார்த்தை அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மெஷின் இருந்தால் ஒரே நாளில் முடிகிற வேலை இது. சக்கரங்களின் மேல் உப்புத்தாள் பட்டை ஓடும், அதில் இரும்பைக் காட்டினால் போதும். ஆனால் தினேஸ்வரி மருத்துவமனை அவசரப் பிரிவில் நர்ஸ். மெஷினில் கையை விட்டவர்களை அவள்தான் முதலில் பார்க்கிறாள். வெட்டுப்பட்ட விரலை ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தவனையும் பார்த்திருக்கிறாள்.

"நானும் வருவேன். ஓட விட்டுப் பாப்பேன். எனக்கு மனசு ஒப்பலன்னா மெஷின் கிடையாது. அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியக் கூடாது" என்றாள்.

சரி என்றான். வேறு என்ன சொல்வான்? பெண்டாட்டிக்கு ஒப்பாத மெஷினை வீட்டில் வைத்து நிம்மதியாக ஓட்டியவன் எவனாவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

சுங்காய் ஊரில் தர்மா என்று ஒருவன் இருந்தான். லாரி பட்டறைக்காரன், கத்தி செய்வதிலும் கெட்டிக்காரன். தன்னிடம் இருந்த இரண்டு கிரைண்டரில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தான். ஒன்று பெரியது, மூன்று குதிரைச் சக்தி, நீல வண்ணம் அடித்தது. விக்னேஸ்வரன் மனதுக்குள் அதை எப்போதோ வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தும் வைத்துவிட்டான். மற்றது சிறியது. படத்தில் பார்த்ததோடு சரி, அதை அவன் மதிக்கவே இல்லை.

காரில் போகும்போது தினேஸ்வரி ஒரு ஜோடி தடித்த தோல் கையுறையை அவன் மடியில் போட்டாள்.

"இதப் போட்டுக்கிட்டுதான் கைய வைக்கணும்."

"சரி."

"கயிறு இருக்கா?"

வலது கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் சாயம் போன சிவப்புக் கயிறு. டெங்கிக் காய்ச்சல் வந்து ரத்த அணுக்கள் சரசரவென்று இறங்கி, அவன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கல்லுமலை முருகனிடம் அழுது வேண்டிக்கொண்டு அவள் கட்டியது. நைலான் கயிறு. தானாக அறுந்துவிடக் கூடாது என்று முடிச்சு மேல் முடிச்சு போட்டிருந்தாள். எப்போதும் கழற்றக் கூடாது என்பது சட்டம். குளித்தாலும் தூங்கினாலும் அது கையில்தான்.

தர்மாவின் பட்டறை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிப்போன ரப்பர் தோட்டத்தின் பழைய ஸ்டோரில் இருந்தது. இவர்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. பெருசுக்குப் பட்டை அந்துபோச்சு, இப்பதான் மாத்திக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள சின்னதுல கொஞ்சம் கைய பழகிக்குங்க."

விக்னேஸ்வரனுக்குச் சப்பென்று போய்விட்டது. சின்னதற்குக் கீழே ஒரு கால் மிதி வேறு. மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். கையுறையை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றான்.

"என்ன தர்மா, தையல் மெஷின் மாதிரி இருக்கு?"

"மொத மெஷினுக்கு அது போதும்ணே. வேகத்தையும் கொறைச்சு வச்சுக்கலாம். ஐயோ, கையுறையக் கழட்டுங்க! பட்டை அதப் புடிச்சுச்சுன்னா வெரலோட சேத்து இழுத்துரும். இதுக்கு வெறுங்கைதான் நல்லது."

தினேஸ்வரியின் முகம் மாறியது. அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய கையுறை அது. விக்னேஸ்வரன் அதை உருவி அவளிடம் கொடுத்தான். உருவிய வேகத்தில், உள்ளே அடங்கியிருந்த கயிற்றின் வால் வெளியே வந்து தொங்கியது. அவனும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை, தர்மாவும் பார்க்கவில்லை.

கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதித்தான். பட்டை ஓடியது. இரும்பைக் காட்டியதும் பொறி பறந்தது. அடடா! அரத்தோடு மல்லுக்கட்டிய இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அவன் கண் முன்னால் கரைந்து போயின. இன்னும் கொஞ்சம் குனிந்து கையை நெருக்கினான்.

வெடுக்கென்று கை உள்ளே போனது.

யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது போலிருந்தது. இரும்பு வைக்கும் தட்டுக்கும் பட்டைக்கும் நடுவே இருந்த இடுக்கில் கயிற்றின் வால் சிக்கியிருந்தது. "ஐயோ முருகா!" என்று பின்னால் துள்ளினான். துள்ளியதில் கால் மிதியை விட்டது.

மெஷின் நின்றது.

தினேஸ்வரிதான் முதலில் அசைந்தாள். ஓடி வந்து அவன் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் முட்டியில் கொஞ்சம் தோல் வழன்றிருந்தது. அவ்வளவுதான். ஐந்து விரலும் இருந்தன. விக்னேஸ்வரன் தலையைத் திருப்பி அந்த நீல மெஷினைப் பார்த்தான். அதன் சுவிட்ச் எட்டாத தூரத்தில், சுவரில் இருந்தது. பட்டை மட்டும் அறுந்து போகாமல் இருந்திருந்தால், அவன் முதலில் அதில்தான் கையை வைத்திருப்பான்.

"மன்னிச்சுருங்கக்கா, கயிற நான் கவனிச்சிருக்கணும்" என்றான் தர்மா. அவனுக்கும் முகம் வெளுத்திருந்தது.

அவள் கைப்பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். மெஷினில் சிக்கியிருந்த நுனியை வெட்டினாள். கை விடுபட்டதும் அவன் அங்கே கிடந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள்.

"தினேஸ், கழட்டக் கூடாதுன்னியே?"

"ஒங்களக் காப்பாத்தத்தான் கட்டுனேன். ஒங்க கையப் புடிச்சு இழுக்கவா கட்டுனேன்? முருகனுக்கு எல்லாம் தெரியும்லா."

வெட்டும்போது அவள் கண்ணீர் அவன் கை மேல் விழுந்தது. கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கைப்பைக்குள் வைத்தாள். அவன் எழுந்தான். மெஷின் கதை இதோடு முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். அதில் வருத்தப்படக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. கை இருக்கிறதே, போதும்.

"வா, போலாம்" என்றான்.

"இருங்க." அவள் சின்ன மெஷின் முன்னால் போய் நின்றாள். "தம்பி, கால எடுத்தா எப்பவும் நிக்குமா?"

"நிக்கும்க்கா."

துப்பட்டாவை உருவிக் கணவனிடம் கொடுத்துவிட்டு மிதித்தாள். எடுத்தாள். மிதித்தாள். எடுத்தாள். மெதுவாக ஓடவிட்டு எடுத்தாள், வேகமாக ஓடவிட்டு எடுத்தாள். நோயாளிக்கு நாடி பார்ப்பவள் போல ஒவ்வொரு முறையும் பட்டை நிற்கும் வரை காத்திருந்தாள். விக்னேஸ்வரன் துப்பட்டாவைக் கையில் சுருட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றான்.

"பெருச யாரு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்" என்றாள் கடைசியில். "இந்தத் தையல் மெஷின கார்ல ஏத்துங்க."

மெஷினை ஏற்றிக்கொண்டு கிளம்பி, வழியில் தாப்பா ஊரைத் தாண்டினார்கள். அவன் கயிறு இருந்த இடத்தில் வெள்ளை பட்ட மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். ஏன் சிரிக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை, அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் மெஷினை இறக்கி வைத்ததும், வழக்கம் விடுமா? தினேஸ்வரி விபூதி பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றினாள். வழியில் வாங்கிய மல்லிகைச் சரத்தைப் புதுக் காருக்குப் போடுவது போல அதன் மேல் சக்கரத்தில் போட்டாள். கற்பூரம் ஏற்றக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். தொங்கிய சரத்தின் நுனியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, மெஷினை விட்டு நாலடி தள்ளி நின்றாள்.

"ம், இப்ப மிதிங்க" என்றாள்.