மண்ணுக்கும் வயிறு உண்டு

எங்கள் தெரு முலாம் பட்டறைக் குடும்பத்தையே சேர்த்துப் பிழிந்தால் ஒரு முழு மூளை தேறும். அதில் முக்கால் தம்பியுடையது, மீதிக் கால் தம்பி பெண்டாட்டி சின்னவளுடையது. அண்ணனுக்குக் குரல் மட்டும்.

குழாய்களுக்கு நிக்கல் பூசியபின் மிஞ்சும் தண்ணீர் பச்சை விஷம். தம்பியும் சின்னவளும் கையால் பிசைந்து சுட்ட களிமண் உருண்டைகளை ஒரு தொட்டியில் நிரப்பி, அதன் வழியே அந்தத் தண்ணீரை விடுவார்கள். மண் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளிந்து தெருச் சாக்கடைக்குப் போகும்.

தம்பி பங்கு கேட்ட அன்று, ஆட்கள் முன்னால் அண்ணன் சிரித்தார்.

"மண்ணு பிசையறவனுக்கெல்லாம் பங்கா? தொட்டி இங்கதான் இருக்கு. நீ கிளம்பு."

தம்பி பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான். சின்னவள் படுக்கவில்லை. "அவர் கையாலயே மண்ணு பிசைய வைக்கலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்!" எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது, காதில் விழுந்தால் நான் என்ன செய்ய?

மாதங்கள் போயின. மண்ணுக்கு ஏது வயிறு என்று அண்ணன் உருண்டைகளை மாற்றவே இல்லை. வெளிவரும் தண்ணீர் மறுபடி பச்சை அடித்தது. மறுநாள் மாசுக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், அண்ணன் மனைவி மதிலருகே வந்து நின்றாள்.

"என்னடி, உன் மண்ணு வேலை செய்யல?"

"வயிறு ரொம்பியிருக்கும்க்கா. ஆசிட் ஊத்திக் கழுவினா புதுசு மாதிரி ஆயிடும்."

"இவ்வளவுதானா? இதுக்கா கொழுந்தனாரு அப்படி அலட்டிக்கிட்டாரு?"

"இவ்வளவுதான்க்கா."

சொன்னதெல்லாம் உண்மை, பாதியில் நிறுத்திவிட்டாள், அவ்வளவே. கழுவினால் மண் அதுவரை விழுங்கியதெல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். அதைத் தனிப் பீப்பாயில் பிடிக்க வேண்டும்.

விடிந்ததும் சின்னவள் தெருவில் குந்தி, பட்டறைத் தண்ணீர் வெளியே வரும் மதில் ஓட்டையில் சுண்ணாம்பும் களிமண்ணும் குழைத்துத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எலித் தொல்லையா?" என்றேன்.

"பெரிய எலிங்க. தெருவுக்கு வந்துடக்கூடாது பாருங்க."

அண்ணன் தொட்டியில் கேன் கேனாக ஆசிட்டைக் கவிழ்த்து முடிக்கவும், இன்ஸ்பெக்டர் நுழையவும் சரியாக இருந்தது. கிளிப்பச்சை! பெருகி வந்த தண்ணீர், ஓட்டை அடைபட்டிருக்க, திரும்பி வந்து சிமெண்டு முற்றம் முழுக்கத் தேங்கி அவர் ஷூவை நக்கியது. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, எல்லா மெஷினுக்கும் சீல் வைத்தார். முற்றம் சுத்தமாகும்வரை ஒன்றும் ஓடக்கூடாதாம்.

மாலைக்குள் அண்ணன் சின்னவள் வாசலில் நின்றார்.

"தம்பியைக் கூப்பிடும்மா. முத்தத்துத் தண்ணியைத் தெளிய வைக்கப் புது உருண்டை வேணும். பாதிப் பங்கு எழுதித் தர்றேன்."

"அது உங்க தம்பிக்குச் சேர வேண்டியது மாமா. எனக்குச் சேர வேண்டியது வேற." வாசலில் குவித்திருந்த ஈரக் களிமண்ணைக் காட்டினாள். "பிசைங்க. ஆளுங்களையும் வரச் சொல்லியிருக்கேன்."

அண்ணன் சலவைச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், காய்ந்த துணியைத்தான். அவருக்கு முழங்கை வரை மண் ஏறியதும், சின்னவள் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"கல்லு இருக்கு மாமா. முதல்லேருந்து."