என் வாசலுக்கு மட்டும் வலை இல்லை

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் காடு, முன்னால் சாலை, சாலைக்கு அப்பால் ஏரி. தண்ணீருக்குப் போகும் காட்டுப்பூனைகள் வண்டிகளில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. அருகிப்போன இனம். தெருக்காரர்கள் கூடிச் சாலையோரம் கம்பிவலை கட்டினார்கள். வலையை ஒட்டியே நடக்கும் பூனை, சாலைக்கு அடியிலுள்ள மதகு வழியாக ஏரிப்பக்கம் போய்விடும். வீட்டுக்கு வீடு வாசலில் வலைக்கதவு.

வேலை என் வாசலுக்கு வந்தபோது மறுத்துவிட்டேன்.

“எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்த வாசலுக்குக் கதவு கிடையாது. இது என்ன கோழிக்கூடா?”

வலை கட்டிக்கொண்டிருந்த எங்கள் தெரு வெல்டர் தலையைச் சொறிந்தார். “சரிங்க ஐயா, உங்க வாசலை மட்டும் விட்டுடறோம்.”

மருமகள் விடவில்லை. “மாமா, தெரு முழுக்க அடைச்சுட்டு இங்க மட்டும் விட்டா, எல்லாப் பூனையும் நம்ம வாசல் வழியாத்தான் ரோட்டுக்கு வரும்.”

“வரட்டுமே. மரியாதை தெரிஞ்ச பூனை.”

என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரமே, விடிந்ததும் வெளியே வந்தால் வாசலுக்கு நேரே சாலையில் ஒன்று கிடந்தது. அடித்த வண்டி நிற்காமல் போயிருந்தது. பூனையின் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. எனக்கு முதலில் வந்த நினைப்பு, யாராவது பார்த்துவிடுவார்களே என்பதுதான்.

தம்பியை எழுப்பினேன். “மண்வெட்டி எடுத்துட்டு வா. தோட்டத்துல புதைச்சுடு. வெளிய தெரியக்கூடாது.”

“உங்க மானத்தைக் காப்பாத்த நான் குழி வெட்டணுமாக்கும்” என்று முனகிக்கொண்டே வந்தான்.

மருமகள் குனிந்து பூனையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். “பால் கொடுத்துட்டிருந்த பூனை, மாமா. குட்டிங்க காட்டுல எங்கேயோ இருக்கு. தெருவே இறங்கித் தேடினாத்தான் கிடைக்கும். இதைப் புதைச்சுட்டு, என்னன்னு சொல்லி எல்லாரையும் கூப்பிடறது?”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அதட்டி உள்ளே அனுப்பியிருப்பேன். தோளிலிருந்த துண்டால் பூனையை மூடிவிட்டு, நானே போய் வெல்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“பூனை அடிபட்டுடுச்சுப்பா. என் வாசல்ல. குட்டி இருக்காம்.”

தெருவே காட்டுக்குள் இறங்கியது. ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. “வெயில் ஏறுது, ஐயா நிழல்ல உக்காருங்க” என்றார்கள். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன். முள்புதருக்குள் இரண்டு குட்டிகள் அகப்பட்டன. ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. தகவல் கிடைத்து வந்து, அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்ட வனத்துறைக்காரர், “தாய் எங்க அடிபட்டுச்சு?” என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“என் வாசல்ல” என்றேன்.

சாயங்காலம் வெல்டர் வலைச்சுருளோடு வந்து ஓரமாக நின்றார். நானே ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வழியே வந்த வேன் டிரைவர் வேகத்தைக் குறைத்து வழக்கம்போல எனக்கு வணக்கம் வைத்தார். என் இரண்டு கையிலும் கம்பி. பதில் வணக்கம் வைக்க முடியவில்லை. நல்லதாகப் போயிற்று; அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை.